இறுதிப்போட்டி முடியும்வரை போர்ட்டலைத் திறக்காதீர்கள்: என்.சி.ஏ.ஏ.வுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தலைவர் சார்லி பேக்கர் அவர்களுக்கும், அதன் உயர்நிலையான முதலாம் பிரிவுக்கான விதிகளை வகுக்கும் மன்றத்தின் உறுப்பினர்களுக்கும்,

2025 மார்ச் 24ஆம் தேதி, ஆடவர் கூடைப்பந்துத் தொடரில் 16 அணிகள் இன்னும் களத்தில் நின்றுகொண்டிருந்தபோது, வீரர்கள் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலை நீங்கள் திறந்தீர்கள். சாம்பியன் யார் என்று தெரிய அப்போது இன்னும் 2 வாரங்கள் இருந்தன. இது கவனக்குறைவால் நேர்ந்ததல்ல. எந்த நீதிமன்றமும் இந்தத் தேதியை உங்கள்மீது சுமத்தவும் இல்லை. 2024 அக்டோபரில் போர்ட்டல் காலத்தை 45 நாட்களிலிருந்து 30 நாட்களாகக் குறைத்தபோது, அந்த 30 நாட்கள் இரண்டாம் சுற்று முடிந்த மறுநாளே தொடங்கட்டும் என்று நீங்களே கூடிப் பேசி முடிவெடுத்தீர்கள். அந்த முடிவை ஏற்க முடியாததால் இந்த மடலை எழுதுகிறேன்.

ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, இந்த நகரத்திலேயே வேலையும் குடும்பமுமாகத் தங்கிவிட்டவன் நான். சுகர்லேண்ட், கேட்டி பகுதிகளில் வசிக்கும் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒவ்வோர் ஆண்டும் ஹூஸ்டன் அணியின் ஆட்டங்களைப் பார்க்கிறோம். சிலவற்றைப் பல்கலைக்கழக அரங்கான ஃபெர்டிட்டா சென்டரில் நேரிலும், மற்றவற்றை யாராவது ஒருவர் வீட்டு வரவேற்பறையிலும். ஆட்டம் முடிந்த பிறகு நாங்கள் வாதாடுவது தமிழில்தான் என்பதால் இந்த மடலும் தமிழில் இருக்கிறது. பயிற்சியாளர்கள், நிர்வாகிகள், ஒளிபரப்பு நிறுவனங்கள், வழக்கறிஞர்கள் எல்லோரும் உங்கள் மேசைக்கு வந்து பேசிவிட்டார்கள். நுழைவுச்சீட்டு வாங்கி வந்து உட்காரும் எங்களிடம் இதுவரை எவரும் எதுவும் கேட்கவில்லை.

ஏப்ரல் 7ஆம் தேதி சான் அன்டோனியோவின் அலமோடோம் அரங்கில், இறுதிப்போட்டியில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். இரண்டாம் பாதியில் 12 புள்ளிகள் முன்னிலையில் இருந்த ஹூஸ்டன், 65-63 என்ற கணக்கில் ஃப்ளோரிடாவிடம் தோற்றது. முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் கட்டிப்போடப்பட்டிருந்த ஃப்ளோரிடாவின் வால்டர் கிளேட்டன், கடைசி நொடிகளில் எங்கள் எமானுவேல் ஷார்ப்பை நோக்கிப் பாய்ந்து வந்தார். மூன்று புள்ளி ஷாட்டுக்காக எழும்பிவிட்ட ஷார்ப், அது தடுக்கப்பட்டுவிடும் என்று உணர்ந்து பந்தைக் கீழே விட்டார். தானே அதைத் தொட்டால் டிராவல் என்ற விதிமீறல் ஆகும் என்பதால், தரையில் துள்ளும் பந்தைத் தொட முடியாமல் அதன் பக்கத்திலேயே நின்றார். ஃப்ளோரிடாவின் அலெக்ஸ் காண்டன் பாய்ந்து அதன்மேல் விழுந்தார், நேரம் முடிந்தது. கடைசி நிமிடத்தில் ஃப்ளோரிடா முன்னிலை பெற்ற பிறகு, ஹூஸ்டனால் வளையத்தை நோக்கி ஒரு ஷாட்கூட எடுக்க முடியவில்லை.

இப்படியொரு தோல்விக்குப் பிறகு ரசிகர்கள் வாதாடுவார்கள். வாதாடத்தான் வேண்டும். 2 புள்ளிகள்தானே பின்தங்கியிருந்தோம், எதற்கு மூன்று புள்ளி ஷாட்? அன்று 19 புள்ளிகள் எடுத்திருந்த எல்.ஜே. கிரையரின் கைக்கு ஏன் பந்து போகவில்லை? கூடைக்கு அருகில் ஜேவான் ராபர்ட்ஸ் இருந்தாரே? 12 புள்ளிகள் முன்னிலையை வைத்துக்கொண்டு ஆட்டத்தின் வேகத்தை இன்னும் குறைத்திருக்க வேண்டாமா? அல்லது இதில் ஹூஸ்டனின் பிழை என்று எதுவும் இல்லாமல், கிளேட்டனின் தற்காப்பைத்தான் பாராட்ட வேண்டுமா? என் கருத்தைக் கேட்டால் கடைசியில் சொன்னதுதான் சரி: அவ்வளவு தூரத்திலிருந்து அவ்வளவு வேகமாக வந்து, உடலில் இடிக்காமல் ஷாட்டை மறித்தவருக்கே அந்தப் பெருமை சேர வேண்டும். என் நண்பர்களில் பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்வதில்லை. அந்த வாதம் கோடை முழுவதும் நீண்டு, அடுத்த ஆண்டு யார் யார் திரும்புவார்கள், யார் எந்த இடத்தை நிரப்புவார்கள் என்ற பேச்சாக மாறி, நவம்பரில் முதல் ஆட்டத்தன்று மறுபடி அரங்குக்கு எங்களை இழுத்துப்போக வேண்டும். கல்லூரிக் கூடைப்பந்து இத்தனை தலைமுறைகளாக உயிரோடிருப்பதே இந்தத் தொடர்ச்சியால்தான்.

இந்த ஆண்டு அந்தப் பேச்சைத் தொடங்கவே வழியில்லாமல் போனது. இறுதிப்போட்டி நடந்தபோதே போர்ட்டல் திறந்து 2 வாரங்கள் ஆகிவிட்டிருந்தன. தோற்ற மறுநாள் காலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த முதல் கேள்வி ஷார்ப் ஏன் பந்தைக் கீழே விட்டார் என்பதல்ல. நம் அணியில் யார் இருக்கிறார்கள், யார் போகிறார்கள் என்பதே. எங்கள் அணிக்குத் தேவையான வீரர்கள் வேறிடங்களில் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள் என்ற பட்டியலை இன்னொருவர் அனுப்பினார். ஏப்ரல் வரை ஆடியதே எங்களுக்குப் பாதகமாகிவிட்டது என்று அவர் எழுதியிருந்ததை வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. முதல் சுற்றிலேயே தோற்ற அணியின் பயிற்சியாளர் மார்ச் 24 காலை முதல் புதிய வீரர்களைத் தேடத் தொடங்கலாம். இறுதிப்போட்டி வரை வென்று போகும் பயிற்சியாளரோ அடுத்த எதிரணியின் காணொளியையும் பார்க்க வேண்டும், அடுத்த ஆண்டுக்கான வீரர்களிடமும் பேச வேண்டும். நன்றாக ஆடும் அணிக்கு அபராதம் விதிக்கும் ஒரு நாட்காட்டியை நீங்கள் வகுத்திருக்கிறீர்கள்.

தொடர்ச்சி என்பது கிழவர்களின் ஏக்கம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஹூஸ்டனின் கதையையே எடுத்துக்கொள்கிறேன். 1983 ஏப்ரலில் ஆல்புகெர்க்கியில் நடந்த இறுதிப்போட்டியில், நார்த் கரோலைனா ஸ்டேட் அணியின் லோரன்ஸோ சார்ல்ஸ் கடைசி நொடியில் பந்தை வளையத்துக்குள் இறக்கியதால் ஹூஸ்டன் 54-52 என்று தோற்றது. கிளைட் டிரெக்ஸ்லர் தொழில்முறைத் தொடரான என்.பி.ஏ.வுக்குப் போனார், ஹக்கீம் ஒலாஜுவான் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு சியாட்டிலில் மறுபடியும் இறுதிப்போட்டி. ஜார்ஜ்டவுனிடம் 84-75 என்று மறுபடியும் தோல்வி. அன்று மாணவர்களாக இருந்தவர்கள் இன்றும் ஃபெர்டிட்டா சென்டரில் என் வரிசைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து அந்த ஆட்டங்களைப் பற்றி வாதாடுகிறார்கள். தோற்ற அணியிலிருந்து அடுத்த அணி முளைத்தது என்பதால்தான் அவர்களுக்கு 40 ஆண்டுகள் பேச ஏதோ இருக்கிறது.

அவ்வளவு பின்னால்கூடப் போக வேண்டாம். 2024இல் டாலஸில், கடைசி 16 அணிகள் மோதும் ஸ்வீட் சிக்ஸ்டீன் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே எங்கள் ஜமால் ஷெட் கணுக்கால் பிசகி வெளியேற, டியூக்கிடம் 54-51 என்று ஹூஸ்டன் தோற்றது. டெரன்ஸ் ஆர்சினோ அதற்கு முந்தைய டிசம்பரிலேயே குதிகால் தசைநார் கிழிந்து படுத்திருந்தார். ஜோசஃப் டக்ளர் பாதக் காயத்தால் ஆடவில்லை. அந்த ஆண்டு முழுவதும் எங்கள் பேச்சு ஒன்றுதான்: இவர்கள் இருவரும் குணமாகி வரட்டும், ராபர்ட்ஸும் கிரையரும் ஷார்ப்பும் இருக்கிறார்கள், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். அதேபோல் நடந்தது. 2025 ஏப்ரல் 5ஆம் தேதி ஃபைனல் ஃபோர் எனும் அரையிறுதியில் அதே டியூக்குக்கு எதிராக 14 புள்ளிகள் பின்தங்கிய ஹூஸ்டன் 70-67 என்று வென்றது. 2019இலிருந்து இதே பல்கலைக்கழகத்தில் ஆறு பருவங்கள் இருந்த ராபர்ட்ஸ், 20 நொடிகளுக்கும் குறைவான நேரம் இருக்கையில் எவரும் தடுக்காமல் எறியும் இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் வளையத்தில் போட்டு முன்னிலையைப் பெற்றுத் தந்தார். அவர் ஃப்ரீ த்ரோ கோட்டில் எவ்வளவு தடுமாறியவர் என்பது ஆறு ஆண்டுகளாகப் பார்த்த எங்களுக்குத் தெரியும். அவர் இரண்டாவதைப் போட்டபோது வரவேற்பறையில் இருந்த பெரியவர்களில் இருவர் அழுதார்கள். அந்த அழுகை முந்தைய மாதம் வந்து சேர்ந்த ஒரு வீரருக்காக வந்திருக்காது.

குணமாகி வரட்டும் என்று நாங்கள் காத்திருந்த ஆர்சினோ, இந்த வசந்தத்தில் போர்ட்டல் வழியாக நார்த் கரோலைனா ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். அவர்மீது எனக்குக் குறையில்லை. அதிக நேரம் ஆடக் கிடைக்கும் இடத்தைத் தேடுவது அவருடைய உரிமை. வென்ற அணியிலும் இதே கதைதான். சாம்பியன்ஷிப் ஆட்டத்தின் கடைசிப் புள்ளியை ஃப்ரீ த்ரோவில் எடுத்தவர் டென்ஸல் அபர்டீன். கோப்பையை வென்ற அந்த மாதம் முடிவதற்குள் அவர் கெண்டக்கிக்குப் போவது முடிவாகிவிட்டது. பட்டம் வென்ற ஊரில் அந்தப் பட்டத்தைப் பற்றிப் பேசி முடிக்கும் முன்பே அதைப் பெற்றுத் தந்தவர்களில் ஒருவர் போட்டி அணியின் சட்டையைப் போடுகிறார் என்றால், எங்கோ வரிசை தவறியிருக்கிறது.

பெரிய பல்கலைக்கழகங்களாவது சமாளித்துக்கொள்ளும். சிறிய இடங்களில் நடந்ததைப் பாருங்கள். எங்கள் ஊரிலிருந்து ஐ-10 சாலையில் கிழக்கே போனால் எல்லையைத் தாண்டியதும் லூசியானாவின் லேக் சார்ல்ஸ் வரும். அங்குள்ள மக்னீஸ் பல்கலைக்கழகம் தன் வரலாற்றிலேயே முதல் முறையாக இந்தத் தொடரில் ஓர் ஆட்டத்தை வென்றது. கிளெம்ஸனை 69-67 என்று வீழ்த்தியது. அந்த வாரம் முழுவதும் அவர்களுடைய பயிற்சியாளர் வில் வேட், நார்த் கரோலைனா ஸ்டேட்டுடன் பேசிக்கொண்டிருப்பதை மறைக்கவும் இல்லை. அடுத்த ஆட்டத்தில் பர்டியூவிடம் தோற்றார்கள். மறுநாளே அவர் போய்விட்டார். அவருடைய வீரர்களில் சிலரும் அதே வழியில் போனார்கள். லேக் சார்ல்ஸைச் சேர்ந்த என் அலுவலக நண்பர் அந்த வெற்றியைக் கொண்டாடக் கிடைத்த அவகாசம் வியாழன் மாலையிலிருந்து ஞாயிறு வரைதான். அயோவா மாநிலத்தின் டிரேக் பல்கலைக்கழகம் மிசூரியை வென்று, அடுத்த ஆட்டத்தில் டெக்ஸஸ் டெக்கிடம் தோற்ற இரண்டாவது நாள், பயிற்சியாளர் பென் மெக்கல்லம் அதே மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகமான அயோவாவுக்குப் போனார். நட்சத்திர வீரர் பென்னட் ஸ்டர்ட்ஸ் உட்படப் பலர் பின்தொடர்ந்தார்கள். அந்த நாள் மார்ச் 24. நீங்கள் போர்ட்டலைத் திறந்த நாள்.

பெரிய இடங்களும் முழுக்கத் தப்பவில்லை. மேரிலாந்தின் பயிற்சியாளர் கெவின் வில்லார்ட் தொடர் தொடங்கும் தருணத்திலேயே தன் பல்கலைக்கழகத்தின் நிதி ஒதுக்கீடு போதவில்லை என்று செய்தியாளர்களிடம் வெளிப்படையாகப் பேசினார். மார்ச் 27 அன்று ஃப்ளோரிடாவிடம் தோற்றார்கள். மார்ச் 30 அன்று அவர் வில்லனோவாவின் பயிற்சியாளர். முதல் ஐவரில் இருவருக்குக் கல்லூரியில் ஆடும் தகுதிக்காலம் முடிந்தது, ஒருவர் என்.பி.ஏ.வுக்குப் போனார், ஒருவர் டென்னஸீக்கும் மற்றொருவர் யு.எஸ்.சி.க்கும் மாறினார்கள். ஐவரில் ஒருவர்கூட அடுத்த ஆண்டு அங்கே இல்லை. அந்த ஊர் ரசிகர் அடுத்த பருவத்தைப் பற்றி என்ன பேசுவார்?

வீரர்கள் இடம் மாறுவதையே நான் எதிர்ப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய விதிப்படி மாறியவர் ஓர் ஆண்டு முழுவதும் ஆடாமல் உட்கார வேண்டியிருந்தது. பயிற்சியாளர்களோ நினைத்த நேரத்தில் கோடிகளுக்குக் கையெழுத்திட்டுவிட்டுப் போனார்கள். அது அநீதி. 2021இல் அது தளர்ந்தது நல்லது. ஃப்ளோரிடாவின் சாம்பியன் அணியையே பாருங்கள்: கிளேட்டன் அயோனாவிலிருந்து வந்தவர், அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மாண்ட்டிலிருந்து. எங்கள் கிரையர் பேய்லரிலிருந்து வந்தவர். மிலோஸ் யூஸன் ஓக்லஹோமாவிலிருந்து வந்தவர். பர்டியூவுக்கு எதிராக எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை டக்ளரிடம் கொடுத்து, அவரிடமிருந்தே திரும்ப வாங்கி, 0.9 நொடி மீதமிருக்க வளையத்தில் இட்டு 62-60 என்று வென்று தந்தாரே, அந்த யூஸன் மாறி வராமல் இருந்திருந்தால் எங்களுக்கு இறுதிப்போட்டியே இல்லை. மாறும் உரிமை வேறு, அதற்கான சந்தையைப் பந்தயத்தின் நடுவிலேயே திறந்து வைப்பது வேறு. நான் எதிர்ப்பது இரண்டாவதை.

எங்கள் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன என்பது உங்கள் தரப்பிலிருந்து அடிக்கடி வரும் பதில். ஒரு பகுதி உண்மை. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் தடை விதித்த பிறகு, எத்தனை முறை மாறலாம் என்பதை உங்களால் கட்டுப்படுத்த முடியாமல் போனது. 2024 ஏப்ரலில் விதியையே மாற்றினீர்கள். படிப்பில் தகுதியோடு இருப்பவர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், மாறியவுடன் ஆடலாம் என்பது அதிலிருந்து வந்த நிலை. ஆனால் போர்ட்டல் எந்த நாள் திறக்க வேண்டும் என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. 60 நாட்களை 45 ஆக்கியதும், 45ஐ 30 ஆக்கியதும், திறக்கும் நாளைத் தொடரின் தொடக்கத்திலிருந்து இரண்டாம் சுற்று முடிவுக்குத் தள்ளியதும் நீங்களே. ஒரு வாரம் தள்ள முடிந்தவர்களால் இன்னும் 2 வாரங்கள் தள்ள முடியும்.

பல்கலைக்கழகச் சேர்க்கைக்குக் காலம் போதாது என்பது இன்னொரு பதில். இதை நான் கவனமாக எண்ணிப் பார்த்தேன். இந்த ஆண்டு இறுதிப்போட்டி ஏப்ரல் 7. ஏப்ரல் 8 அன்று திறந்து 3 வாரங்கள் கொடுத்திருந்தாலும் மாதக் கடைசிக்குள் எல்லோரும் பெயர் கொடுத்திருப்பார்கள். பெயர் கொடுப்பதற்குத்தான் கெடு. எங்கே சேர்வது என்று முடிவெடுக்க அதற்குப் பிறகும் நேரம் உண்டு. ஆர்கன்ஸாவில் ஆடிய பூகி ஃப்ளாண்ட் ஃப்ளோரிடாவில் சேர முடிவெடுத்தது மே மாதத்தில்தான். என்.பி.ஏ. புதுவீரர் தேர்விலிருந்து பெயரைத் திரும்பப் பெறும் கடைசி நாள் மே 28. யூஸனும் காண்டனும் அந்தக் கெடுவை ஒட்டித்தான் கல்லூரிக்குத் திரும்ப முடிவெடுத்தார்கள். அதையெல்லாம் தாங்கும் நாட்காட்டி இந்த 2 வாரங்களைத் தாங்காதா? பணம் வாங்கி ஆடும் என்.பி.ஏ.விலேயே பிற அணிகளின் வீரர்களோடு பேச்சுவார்த்தை இறுதிப்போட்டி முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. பாடப்புத்தகத்தோடு விடுதியில் இருக்கும் 19 வயதுப் பிள்ளைகளுக்கு அந்த அமைதியைக்கூடக் கொடுக்காதது எப்படி நியாயமாகும்?

படிப்பு என்று சொல்லும்போது ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மார்ச் கடைசியும் ஏப்ரலும் வசந்தப் பருவப் பாடங்கள் உச்சத்தில் இருக்கும் மாதங்கள். இந்த ஆண்டு முதலாம் பிரிவின் ஆடவர் கூடைப்பந்தில் மட்டும் 2,000க்கும் மேற்பட்டவர்கள் போர்ட்டலில் பெயர் கொடுத்தார்கள். இருப்பது 364 அணிகள். அணிக்கு ஐந்து பேருக்கும் மேல் என்று ஆகிறது. இவர்களில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் சிலர்தான். பெரிய இடம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பெயர் கொடுத்துவிட்டு, எங்கும் அழைப்பு வராமல், இருந்த உதவித்தொகையும் போய் நிற்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். ஊரை விட்டு ஊர் மாறிப் படித்தவன் நான். எடுத்த பாடங்களில் பாதியைப் புதிய இடம் ஏற்காவிட்டால் பட்டம் எவ்வளவு தள்ளிப்போகும் என்பதை அனுபவத்தில் அறிவேன்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரின் ஒளிபரப்பு உரிமைக்கான நடப்பு ஒப்பந்தம் 2032 வரை 8 ஆண்டுகளுக்கு 880 கோடி டாலர். உங்கள் வருவாயில் பெரும்பகுதி இந்த மூன்று வாரங்களிலிருந்தே வருகிறது. இந்த ஜூன் 6 அன்று நீதிமன்றம் ஏற்ற, வீரர்களுக்கான பணம் குறித்த ஹவுஸ் வழக்குச் சமரசத்தின்படி, ஜூலை 1 முதல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்களுக்கு ஆண்டுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம். உழைப்பவருக்குக் கூலி சேர்வதை மனமார வரவேற்கிறேன். ஆனால் நீங்கள் விற்கும் பொருள் இந்த மூன்று வாரங்கள் என்றால், அந்த மூன்று வாரங்களை ரசிகரின் கண்ணில் மலிவாக்குவது உங்கள் கையாலேயே நடக்கலாமா? தோல்வியடைந்த அதே வாரத்தில், வீரர்களைத் தக்கவைக்க நன்கொடை தாருங்கள் என்று கேட்கும் மின்னஞ்சல்கள் என்னைப் போன்ற பழைய மாணவர்களுக்கு வருகின்றன. நுழைவுச்சீட்டுக்கும் வாகன நிறுத்தத்துக்கும் தொலைக்காட்சிச் சந்தாவுக்கும் கொடுத்த பிறகு, பார்த்துப் பழகிய பிள்ளை அடுத்த ஆண்டும் இருக்க வேண்டுமென்றால் இன்னும் கொடு என்று கேட்பதற்கு ரசிகன் எவ்வளவு காலம் ஈடுகொடுப்பான்?

என் மகனுக்கு 12 வயது. ஒவ்வோர் அக்டோபரிலும் அணியின் பெயர்ப்பட்டியலைச் சட்டை எண்களோடு ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுவான். ஒருவர் எந்த ஊர், எத்தனையாவது ஆண்டு என்பதும் அதில் இருக்கும். இந்த ஆண்டு எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் சிறிய கேள்விக்குறிகளைப் போட்டிருந்தான். அது என்ன என்று கேட்டதற்கு, இவர்கள் இருப்பார்களா என்று தெரியாது, அதனால் பேனாவால் எழுதவில்லை என்றான். பர்டியூ ஆட்டத்தின் இடைவேளையில் பக்கத்திலிருந்த நண்பரின் கைபேசியில் போர்ட்டல் செய்தி வந்துகொண்டே இருக்க, நம் அணியிலிருந்து யாராவது போகிறார்களா என்று அவன் மூன்று முறை கேட்டான். அப்போது ஆட்டம் சமநிலையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த பருவத்தைப் பற்றி எனக்கு நம்பிக்கையே இருக்கிறது. யூஸன், ஷார்ப், டக்ளர் மூவரும் திரும்புகிறார்கள். கிங்ஸ்டன் ஃப்ளெமிங்ஸ், கிறிஸ் சினாக், ஐசையா ஹார்வெல் என்று நாடே உற்றுப்பார்க்கும் முதலாண்டு மாணவர்கள் வருகிறார்கள். வரும் அக்டோபரில் 70 வயதை எட்டும் எங்கள் பயிற்சியாளர் கெல்வின் சாம்ப்சன் 2014இலிருந்து இதே இடத்தில் இருக்கிறார். ராபர்ட்ஸின் அனுபவத்தை உடனே ஈடுகட்ட முடியாது; கிரையரின் மூன்று புள்ளி ஷாட்டுகளுக்கும் மாற்றுத் தேட வேண்டியிருக்கும். ஃப்ளோரிடாவுக்கோ காண்டன், தாமஸ் ஹாஃக், ரூபன் சின்யெலு என்று உயரமான முன்வரிசை அப்படியே திரும்புகிறது. பின்வரிசையைப் பிரின்ஸ்டனின் சேவியன் லீயும் ஃப்ளாண்டும் நிரப்ப வேண்டும். அவர்கள் மறுபடி இறுதிக்கு வருவார்கள் என்று என் மைத்துனர் சொல்கிறார். முன்வரிசை மட்டும் போதாது, கடைசி ஐந்து நிமிடங்களைக் கிளேட்டனைப் போல யார் ஆடுவார் என்று நான் கேட்கிறேன். இந்தப் பேச்சு எங்களுக்கு வாய்த்ததற்குக் காரணம், சாம்ப்சனும் ஷார்ப்பும் யூஸனும் எடுத்த தனிப்பட்ட முடிவுகள். உங்கள் விதிகள் அதற்கு உதவவில்லை. டிரேக்கிலும் மக்னீஸிலும் மேரிலாந்திலும் இருப்பவர்களுக்கும் இந்தப் பேச்சு வாய்க்க வேண்டும் என்பதால் என் கோரிக்கைகளைத் தெளிவாக எழுதுகிறேன்.

முதலாவதும் முக்கியமானதும்: 2026 இறுதிப்போட்டி ஏப்ரல் 6 அன்று இண்டியானாபொலிஸில் நடக்கவிருக்கிறது. ஏப்ரல் 7க்கு முன் எந்த வீரருக்காகவும் போர்ட்டல் திறக்கக்கூடாது என்று விதியைத் திருத்துங்கள். 15 நாட்கள் போதும் என்று நினைத்தால் 15 நாட்கள் வையுங்கள். தொடங்கும் நாள் மட்டும் இறுதிப்போட்டிக்கு மறுநாளாக இருக்கட்டும். மகளிர் தொடருக்கும் அதே விதி வேண்டும்.

பயிற்சியாளர்களையும் அதே கட்டுக்குள் கொண்டுவாருங்கள். வீரர் காத்திருக்க வேண்டும், பயிற்சியாளர் காத்திருக்க வேண்டாம் என்ற நிலை நியாயமாகாது. தன் அணி தொடரில் நீடிக்கும்வரை எந்தப் பயிற்சியாளரும் வேறு பல்கலைக்கழகத்தோடு பேசக்கூடாது. மீறி அழைக்கும் பல்கலைக்கழகத்துக்கு அந்த ஆண்டின் தொடர் வருவாயில் பங்கு கிடைக்கக்கூடாது. பயிற்சியாளர் போய்விட்டால் அவருடைய வீரர்களுக்கென்று தனியாக 30 நாட்கள் கொடுக்கிறீர்கள். அதுவும் இறுதிப்போட்டிக்கு மறுநாளிலிருந்து கணக்கிடப்படட்டும்.

போர்ட்டலில் பெயர் கொடுக்காத வீரரிடம் ஆள்வைத்துப் பேசுவது ஏற்கெனவே தடைசெய்யப்பட்டது. அந்தத் தடையை மீறியவர்கள்மீது எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை விசாரிக்கப்பட்டன, என்ன தண்டனை கொடுக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு கோடையிலும் வெளியிடுங்கள். அமலாகாத விதியால் நேர்மையாக நடப்பவருக்குத்தான் நட்டம்.

பல்கலைக்கழகங்கள் நேரடியாகப் பணம் கொடுக்கப்போகும் இந்த ஜூலையிலிருந்து, வீரர்களுடன் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு இரு தரப்பையும் கட்டும் ஒப்பந்தங்களைச் செய்ய வழிவகுங்கள். அவற்றை வீரர்களின் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து பேசி வகுக்க வேண்டும். காயம்பட்டாலும், பயிற்சியாளர் மாறினாலும், போர்ட்டலில் பெயர் கொடுத்து இடம் கிடைக்காவிட்டாலும், பட்டம் முடியும்வரை உதவித்தொகை நிற்காது என்ற உறுதி அதில் இருக்க வேண்டும்.

கடைசியாக, நாட்காட்டியைப் பற்றி நீங்கள் முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முன் ஆடும் மாணவர்களிடமும் பருவச்சீட்டு வைத்திருக்கும் ரசிகர்களிடமும் எழுத்து மூலம் கருத்துக் கேளுங்கள். நவம்பரில் புதிய பருவம் தொடங்குவதற்குள் முடிவை அறிவியுங்கள். ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்ற காரணத்தையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர், கூடைப்பந்து ரசிகர்
ஹூஸ்டன், டெக்ஸஸ்
ஜூன் 2025